பரிசோதனைக் குழாய் மஞ்சளானால் பாலில் யூரியா கலந்ததாக அர்த்தமா?

“மதுராந்தகம் பக்கத்தில் நான்கு கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கிறேன். இரண்டு வேளையும் சேர்த்து 26 லிட்டர் பால் ஊற்றுகிறேன். போன மாதம் இரண்டு தடவை, ‘பாலில் யூரியா காட்டுகிறது’ என்று கொள்முதல் நிலையத்தில் கேனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நான் கலந்தது கிடையாது. ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பிளஸ் டூ படிக்கும் என் மகள், பள்ளி ஆய்வகத்தில் யூரியாவைக் கண்டுபிடிக்கும் சோதனை செய்திருப்பதாகச் சொல்கிறாள். அதை வீட்டிலேயே பாலில் செய்து காட்டி, என் பால் சுத்தமானது என்று நிரூபிக்க முடியுமா?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்.

பால் ஊற்றிப் பிழைக்கிற குடும்பத்துக்கு ஒரு கேன் பால் வீணாவதைக் காட்டிலும் ‘கலப்படக்காரர்’ என்ற பெயர்தான் பெரிய நஷ்டம். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், கொள்முதல் நிலையத்தில் நடந்தது என்ன என்பது. வாசகர் தந்த விவரப்படி, பாலை ஒரு பரிசோதனைக் குழாயில் ஊற்றி, பாட்டிலில் இருந்த மருந்தைச் சம அளவு விட்டுக் கலக்கியிருக்கிறார்கள். குழாய் மஞ்சளாகியிருக்கிறது. “அண்ணே, நான் என்ன பண்றது? மஞ்சளா இருக்கு, நீங்களே பாருங்க” என்று குழாயைக் கையில் கொடுத்திருக்கிறார் அங்கிருந்த பையன். வாசகரும் பார்த்திருக்கிறார். மஞ்சளாகத்தான் இருந்திருக்கிறது. பேசாமல் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ‘பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு குழாய் எங்கே?’

அந்த மருந்தின் பெயர் டி.எம்.ஏ.பி. பாரா டைமெத்தில் அமினோ பென்சால்டிஹைடு என்பது முழுப்பெயர். 1.6 கிராம் மருந்தை 100 மி.லி. எத்தில் ஆல்கஹாலில் கரைத்து, 10 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துத் தயாரிப்பார்கள். 5 மி.லி. பாலுக்கு 5 மி.லி. மருந்து. யூரியா சேர்த்த பால் பளிச்சென்று மஞ்சளாகும். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் கையேட்டிலும் இந்தச் சோதனை இருக்கிறது. அதே கையேட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எதுவும் சேர்க்காத நல்ல பாலும் லேசாக மஞ்சளாகும். காரணம், பாலில் இயற்கையாகவே யூரியா உண்டு. நடைமுறையில் பலரும் மறந்துவிடுவது இந்த இரண்டாவது செய்தியைத்தான்.

இது ஏன் என்று புரிய, வாசகரின் மகள் படிக்கும் பாடத்துக்கே போக வேண்டும். பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் பெயர் தெரியாத ஒரு கரிமப் பொருளை மாணவர் கையில் கொடுப்பார்கள். அது என்ன வகை என்று கண்டுபிடிக்க வேண்டும். சோடியம் பைகார்பனேட் கரைசலில் போட்டால் நுரைத்துப் பொங்கினால் அமிலம். டாலன்ஸ் கரைசலோடு சூடாக்கும்போது குழாயின் உட்சுவரில் வெள்ளி முலாம் படிந்தால் ஆல்டிஹைடு. நடுநிலை ஃபெரிக் குளோரைடு ஊதா ஆனால் பீனால். இவற்றைத்தான் வினைச்செயல் தொகுதிகளுக்கான சோதனைகள் என்று புத்தகம் சொல்கிறது.

வினைச்செயல் தொகுதியை ஒரு கொக்கி என்று வைத்துக்கொள்ளலாம். கொக்கிக்குப் பின்னால் சின்ன மூட்டையும் தொங்கலாம், பெரிய மூட்டையும் தொங்கலாம். சோதனை மருந்து ஒரு வளையம். தனக்குப் பொருந்துகிற கொக்கி கிடைத்தால் மாட்டிக்கொண்டு நிறம் காட்டும். மூட்டை யாருடையது, எந்த வழியாக வந்தது என்பதெல்லாம் வளையத்துக்குத் தெரியாது.

யூரியாவின் கொக்கி, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த அமினோ தொகுதி. ஒரு மூலக்கூறில் அப்படி இரண்டு இருக்கின்றன. டி.எம்.ஏ.பி.யில் இருப்பது ஆல்டிஹைடு. அமிலத்தில் இரண்டும் சேரும்போது நடுவில் ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்றுபோய், மஞ்சள் நிறமுள்ள புதுப் பொருள் உண்டாகிறது. அந்த யூரியா மூட்டையிலிருந்து வந்ததா, மாட்டின் மடியிலிருந்து வந்ததா என்பது டி.எம்.ஏ.பி.க்குத் தெரிய வழியே இல்லை. இரண்டும் ஒரே மூலக்கூறு. 1828-ல் ஜெர்மானிய வேதியியலர் வோலர், உயிருள்ள உடம்பில்தான் உண்டாகும் என்று நம்பப்பட்ட யூரியாவை ஆய்வகத்தில் தயாரித்தார். சிறுநீரில் இருக்கும் யூரியாவுக்கும் தன் குடுவையில் உண்டான யூரியாவுக்கும் வித்தியாசம் இல்லை என்று அவர் கண்டதிலிருந்துதான் இன்றைய கரிம வேதியியலின் கதையையே பலர் தொடங்குகிறார்கள். உரத் தொழிற்சாலை யூரியாவுக்கும் இது பொருந்தும்.

மகள் சொன்ன சோதனைக்கு வருவோம். பள்ளியில் செய்வது பையூரெட் சோதனை. யூரியாவை உலர்ந்த குழாயில் போட்டுச் சூடாக்கினால் உருகி, அம்மோனியா நெடி வந்து, பிறகு வெள்ளையாக இறுகும். அதைத் தண்ணீரில் கரைத்து, துளி காப்பர் சல்ஃபேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் விட்டால் ஊதா நிறம் வரும். சூட்டில் இரண்டு யூரியா மூலக்கூறுகள் சேர்ந்து உண்டாகும் பையூரெட்தான் அந்த நிறத்துக்குக் காரணம். விவசாயிகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. யூரியா உரத்தில் பையூரெட் 1.5 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அளவு மீறினால், இலைவழியாகத் தெளிக்கும்போது பயிர் கருகும்.

ஆனால் இந்தச் சோதனையைப் பாலில் செய்யவே கூடாது. பாலில் புரதம் இருக்கிறது. புரதத்தின் சங்கிலியில் பையூரெட்டில் உள்ள அதே மாதிரியான பிணைப்புகள் வரிசையாக இருக்கின்றன. அதனால் உலகத்தில் எந்தச் சுத்தமான பாலில் செய்தாலும் ஊதா நிறம் வரும். வாசகர் ஊர்க்காரர்கள் முன்னால் இதைச் செய்து காட்டியிருந்தால், தானே தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்ட கதையாகியிருக்கும். மகளின் சோதனையில் தவறில்லை. பெயர் தெரியாத ஒற்றைப் பொருளுக்காக வைத்த சோதனை அது. பால் நூற்றுக்கணக்கான பொருட்கள் கலந்த திரவம்.

பாலில் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று பார்க்கும்போதும் இதே சிக்கல் வருகிறது. பள்ளியில் குளுக்கோஸுக்குச் செய்கிற ஃபெலிங் சோதனையைப் பாலில் செய்தால் எப்போதும் செந்நிறப் படிவு விழும். பாலின் சொந்தச் சர்க்கரையான லாக்டோஸிலும் அந்தக் கொக்கி இருக்கிறதே! அதனால்தான் பால் நிலையங்களில் ரிசார்சினாலும் அமிலமும் விட்டுச் சூடாக்கிப் பார்க்கிறார்கள். கடைச் சர்க்கரை அமிலத்தில் உடைந்து ஃப்ரக்டோஸ் வெளியே வரும். அதில் இருப்பது கீட்டோன் தொகுதி. குழாய் சட்டென்று சிவக்கும். லாக்டோஸில் அது இல்லை. எந்தக் கொக்கி பாலில் இயல்பாக இல்லையோ அதைத் தேடுகிற சோதனைதான் பாலுக்குச் சரியான சோதனை. யூரியா விஷயத்தில் அந்த வசதி நமக்குக் கிடைக்கவில்லை. அது பாலிலேயே இருக்கிறது.

கொக்கி ஒன்றாக இருப்பதால் வரும் ஆபத்தை இந்த வட்டாரம் வேறு விதத்தில் பார்த்திருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், மதுராந்தகம், சித்தாமூர் பகுதியிலும் விஷச் சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் இருந்தது மெத்தனால். சாராயத்தில் இருக்க வேண்டிய எத்தனாலுக்கும் மெத்தனாலுக்கும் ஒரே ஹைட்ராக்சில் தொகுதிதான். நாக்குக்கும் மூக்குக்கும் இரண்டும் ஆல்கஹால். உடம்புக்குள் போன பிறகுதான் வேறுபாடு தெரியும். மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறிக் கண்ணையும் உயிரையும் எடுக்கும். ஆய்வகத்திலும் அதே வழிதான். மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றி, அதற்கென்றே உள்ள இரண்டாவது சோதனையில் பிடிப்பார்கள்.

நம் வாசகரின் பாலுக்குத் திரும்பலாம். அவர் எதுவும் கலக்கவில்லை என்றால், குழாய் ஏன் அவ்வளவு மஞ்சளானது? பதில் அவருடைய மாட்டுக்கொட்டகையிலேயே இருக்கிறது. கோடையில் பசுந்தீவனம் இல்லை. ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு மாதமாக யூரியா ஊட்டமேற்றிய வைக்கோல் போடுகிறார். பால் குறையக் கூடாது என்று மாட்டுக்கு ஒன்றரைக் கிலோ கடலைப் பிண்ணாக்கும் வைக்கிறார். தவிடு கொஞ்சம். தானியம் எதுவும் இல்லை.

மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. பிண்ணாக்கின் புரதத்தையும், வைக்கோலில் ஏற்றிய யூரியாவையும் அவை அம்மோனியாவாக உடைக்கும். பிறகு அந்த அம்மோனியாவை எடுத்துத் தங்கள் உடம்பை வளர்த்துக்கொள்ளும். அந்த நுண்ணுயிர்தான் பின்னால் மாட்டுக்குப் புரதம். ஆனால் அம்மோனியாவைப் பயன்படுத்த அவற்றுக்கு மாவுச்சத்து வேண்டும். அது போதாதபோது அம்மோனியா மிஞ்சி ரத்தத்தில் ஏறும். கல்லீரல் அதை யூரியாவாக மாற்றும். ரத்தத்தில் ஏறிய யூரியா சிறுநீருக்கும் போகும், மடிக்கும் போகும். பிண்ணாக்கும் ஊட்டமேற்றிய வைக்கோலும் சேர்ந்து, தானியம் இல்லாத தீவனத்தில் பால் யூரியா ஏறுவது எதிர்பார்க்கக்கூடியதே. தீவனம் தின்ற சில மணி நேரத்தில் அது அதிகமாக இருக்கும் என்பதால், ஒரே மாட்டின் காலைப் பாலும் மாலைப் பாலும்கூட வேறுபடலாம்.

வெளிநாட்டுப் பண்ணைகளில் பால் யூரியாவைக் கலப்படம் பிடிக்க மட்டும் பார்ப்பதில்லை. மாட்டுக்குக் கொடுக்கும் புரதம் வீணாகிறதா என்று தெரிந்துகொள்ளவும் மாதாமாதம் பார்க்கிறார்கள். யூரியா ஏறியிருந்தால் பிண்ணாக்குக் காசு சிறுநீரில் போகிறது என்று பொருள். நம்மூரில் அதே அளவீடு குற்றச்சாட்டாக மட்டும் வந்து சேர்கிறது.

இப்போது எண்களைப் பார்க்கலாம். இந்த வழக்கில் வாசகருக்கு உதவப்போவது அதுதான். இயல்பான பசும்பாலில் 100 மி.லி.க்குச் சுமார் 20 முதல் 40 மில்லிகிராம் யூரியா இருக்கும். தீவனக் கோளாறால் இது இன்னும் ஏறலாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வைத்திருக்கும் உச்சவரம்பு 100 மி.லி.க்கு 70 மில்லிகிராம். இயற்கையாக ஏறுவதற்கும் இடம் விட்டுத்தான் அந்த வரம்பு. வேண்டுமென்றே கலப்பவர்கள் எவ்வளவு போட வேண்டியிருக்கும்? தண்ணீர் விட்ட பாலின் எஸ்.என்.எஃப். குறையும். அதை 0.3 சதவிகிதம் ஏற்றிக் காட்டவே லிட்டருக்கு 3 கிராம் போட வேண்டும். அதாவது 100 மி.லி.க்கு 300 மில்லிகிராம். தீவனத்தால் ஏறிய பால் 50, 60 என்று நிற்கும்போது, கலப்படப் பால் 300-ஐத் தாண்டி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது. வெறும் கண்ணால் ‘மஞ்சள்’ என்று சொல்லிவிட்டால் அந்த இடைவெளி காணாமல் போகிறது. எவ்வளவு மஞ்சள் என்று கருவியில் அளந்து மில்லிகிராமில் சொன்னால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொரு வழியையும் வாசகர் தன் வீட்டில் தேடிப் பார்க்க வேண்டும். நெல்லுக்கு 2 சதவிகித யூரியா கரைசல் தெளிக்கிற வீடுகளில், கரைசல் கலக்கிய அதே பிளாஸ்டிக் வாளி மறுநாள் பால் கறக்க வந்துவிடுவது உண்டு. அடியில் 100 மி.லி. கரைசல் நின்றாலே அதில் 2 கிராம் யூரியா. 10 லிட்டர் பாலில் அது கலந்தால் 100 மி.லி.க்கு 20 மில்லிகிராம் கூடும். ஏற்கெனவே தீவனத்தால் 50-ல் நிற்கிற பால், 70-ஐத் தொட்டுவிடும். பால் பாத்திரத்தை மூட உர மூட்டைச் சாக்கைப் பயன்படுத்துவதும் இதே ரகம்தான்.

சரி, அடுத்து என்ன செய்யலாம்?

கொள்முதல் நிலையத்தில் சண்டை போடுவதைக் காட்டிலும், சோதனையைச் சரியாகச் செய்யச் சொல்லிக் கேட்பது நல்லது. யூரியா வைக்கோலும் அதிகப் பிண்ணாக்கும் தின்னாத ஒரு மாட்டின் பாலை, எல்லோர் கண்முன்னும் கறந்து, ஒரு குழாயில் எடுக்க வேண்டும். வாசகரின் பால் இன்னொன்றில். நல்ல பாலில் லிட்டருக்கு 3 கிராம் யூரியா கரைத்தது மூன்றாவதில். ஒரே பாட்டில் மருந்தை மூன்றிலும் விட்டு, பின்னால் வெள்ளைத் தாள் பிடித்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வாசகரின் குழாய் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். மருந்து எப்போது தயாரித்தது என்றும் கேட்கலாம். வெயில் படும்படி வைத்த பழைய மருந்து தானே நிறம் மாறியிருக்கும்.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால், நிலையத்தாரையே கொட்டகைக்கு அழைக்கலாம். இங்கிலாந்தில் பால் கலப்பட வழக்குகளில் இதற்கு ‘மாட்டிடமே முறையிடுவது’ என்று ஒரு பெயரே உண்டு. அதிகாரி நேரில் நின்று மடியிலிருந்து கறக்கச் சொல்லி, அந்தப் பாலையும் சந்தேகப் பாலையும் ஒப்பிடுவார். நம்மூரில் அதற்குச் சட்டம் தேடத் தேவையில்லை. அடுத்தநாள் காலையில் ஐந்து மணிக்கு ஒருவர் வந்து நின்றால் போதும். நான்கு மாட்டின் பாலையும் தனித்தனியாக எடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. சில சமயம் ஒரே மாடுதான் அளவை ஏற்றிக்கொண்டிருக்கும்.

வீட்டில் செய்ய ஒரு சோதனை வேண்டும் என்றால், துவரம்பருப்பு போதும். 5 மி.லி. பாலில் அரை டீஸ்பூன் துவரம்பருப்புப் பொடி அல்லது சோயா பொடி போட்டு, நன்றாகக் குலுக்கி, 5 நிமிடம் விட வேண்டும். பிறகு சிவப்பு லிட்மஸ் தாளை அரை நிமிடம் நனைத்து எடுக்க வேண்டும். தாள் நீலமானால் யூரியா மிகுதி. பருப்பில் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். அம்மோனியா காரம் என்பதால் தாள் நீலமாகிறது. இதே நொதியை 1926-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர் என்ற ஒற்றைக்கை விஞ்ஞானி வாளவரை விதையிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்து, பின்னால் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார்.

இந்தச் சோதனையில் இரண்டு இடத்தில் தவறு வரும். வறுத்த பருப்பைப் பொடித்தால் சூட்டில் நொதி செத்துப்போயிருக்கும். பச்சைப் பருப்பைத்தான் பொடிக்க வேண்டும். அடுத்தது, பருப்புப் பொடி போடாத பாலிலும் ஒரு தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் நீலமானால் பாலில் சோடா மாதிரி ஏதோ காரம் இருக்கிறது, யூரியா அல்ல. பக்கத்து வீட்டு மாட்டின் பாலிலும் செய்து ஒப்பிட்டால்தான் இதற்கும் அர்த்தம். டி.எம்.ஏ.பி.யைவிட இது துல்லியமானது என்று சொல்ல முடியாது. ஆனால் வேறு வழியில் வந்து அதே கேள்வியைக் கேட்கிறது என்பதால், இரண்டும் ஒன்றையே சொன்னால் நம்பலாம்.

தீவனத்தை மாற்றுவதுதான் நிரந்தர வழி. பிண்ணாக்கை ஒரேயடியாக நிறுத்தாமல், ஒரு வாரத்தில் படிப்படியாகப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் உடைத்த மக்காச்சோளமோ கம்போ சேர்க்கலாம். கடையில் வாங்கும் அடர்தீவன மூட்டையில் யூரியா சேர்மானம் அச்சிட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இருந்து, வைக்கோலிலும் யூரியா இருந்தால் ஒன்றை விட்டுவிட வேண்டும். யூரியா வைக்கோல் கெட்ட விஷயம் அல்ல. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா என்ற அளவு மீறாமல், முழுவதும் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்து, எடுத்ததும் அம்மோனியா நெடி போக உதறி ஆறவிட்டுப் போட வேண்டும். யூரியாவைக் கரைக்காமல் தூவினால் மாடு செத்தே போகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இதைக் காட்டவே கூடாது. இந்த வாசகருக்குப் பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நான்கு மாட்டின் எடை, பால் அளவு, இப்போது வைக்கும் தீவனம் மூன்றையும் எழுதி எடுத்துப் போனால் தீவனப் பட்டியலைச் சரிசெய்து வாங்கிவரலாம். இரண்டு வாரம் கழித்து அதே மூன்று குழாய்ச் சோதனையை நிலையத்தில் திரும்பச் செய்யச் சொல்ல வேண்டும். மாடு மாறவில்லை, ஆள் மாறவில்லை, தீவனம் மட்டும் மாறி மஞ்சள் வெளுத்தால், ஊர்ப்பேச்சுக்கு அதைவிடப் பதில் வேண்டியதில்லை.

கலப்படமே நடப்பதில்லை என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. சோதனை எதைப் பார்க்காது என்று தெரிந்தே ஏமாற்றியவர்களும் உண்டு. 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்தார்கள். அங்கே புரதத்தை நேரடியாக அளக்காமல், மொத்த நைட்ரஜனை அளந்து புரதம் என்று கணக்கிட்டார்கள். மெலமைனில் நைட்ரஜன் அதிகம் என்பதால் தண்ணீர் விட்ட பால் தேறிவிட்டது. 6 குழந்தைகள் இறந்தன. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அதற்காக வரும் ஒவ்வொரு கேனையும் சந்தேகப்படவும் முடியாது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், யூரியா கலப்படம் என்று கண்டது 2 மாதிரிகளில்தான். அதே ஆய்வில் பூஞ்சண நஞ்சான அஃப்ளாடாக்சின் எம்-1 வரம்பு மீறியிருந்தவை 368. அதிலும் தமிழகத்து மாதிரிகள்தான் அதிகம். பூசணம் பிடித்த பிண்ணாக்கும் ஈரத் தீவனமும் வழியாக வருகிற நஞ்சு அது. கொள்முதல் நிலையத்தின் எந்தக் குழாயிலும் அது நிறம் காட்டாது. வாசகர் கோடையில் வாங்கி அடுக்கிய பிண்ணாக்கு மூட்டையை, மழைக்கு முன்னால் ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

“மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கிறோம். ஒரு வாடிக்கையாளர் ஃபார்மலின் பார்க்கும் பட்டையைக் கொண்டுவந்து தேய்த்துப் பார்த்து, லேசாக நிறம் மாறுகிறது என்று மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐஸ் தவிர வேறு எதுவும் நாங்கள் போடுவதில்லை. பட்டை பொய் சொல்லுமா?”

- வாசகி, திருக்கழுக்குன்றம் வட்டம்.

மேலே உள்ள பதிலின் தம்பிதான் இதற்கும் பதில். ஃபார்மலின் என்பது ஃபார்மால்டிஹைடு கரைந்த தண்ணீர். பட்டை பார்ப்பது அந்த ஃபார்மால்டிஹைடை. 2018-ல் கேரளச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் தடவிய மீன் டன் கணக்கில் பிடிபட்டு, அந்தப் பரபரப்பு சென்னை மார்க்கெட் வரை வந்தது. அந்த ஆண்டில்தான் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் சோதனைப் பட்டைகள் பேசப்பட்டன. நல்ல கருவிதான். ஆனால் கடல் மீனின் சதையில் இயற்கையாகவே இருக்கும் ஒரு பொருள், மீன் செத்த பிறகு மெள்ள உடைந்து கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு தரும். நாள்பட வைத்திருந்தால் கூடும். மீனின் வகைக்கு வகையும் மாறும். பாம்பே டக் போன்ற சில வகைகளில் இது மிக அதிகம் என்பதால், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யும் மீன் வகையைப் பொறுத்து வெவ்வேறு அளவு வைத்திருக்கிறது.

லேசான நிறமாற்றம் வந்தால், அதே நாள் காலையில் வலையிலிருந்து இறக்கிய அதே வகை மீனில் இன்னொரு பட்டையைத் தேய்த்துப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் வாடிக்கையாளருக்கே புரியும். விற்கும் மீன் மட்டும் பளிச்சென்று நிறம் காட்டினால், வாசகி போடவில்லை என்றாலும் வேறு எங்கோ யாரோ போட்டிருக்கிறார்கள். வெளியூர் லாரியில் வந்த மீனையும் கரையில் எடுத்த மீனையும் ஒரே கூடையில் கலக்காமல் விற்றால், யாருடையது என்று உடனே தெரிந்துவிடும். ஐஸ் வாங்கும் இடத்தையும் சந்தேகப்பட வேண்டும். ஐஸ் உருகிய தண்ணீரில் ஒரு பட்டையை நனைத்துப் பார்க்க ஆகும் செலவு ஒரு பட்டைதான்.